இருண்ட திரையும் மறைந்த பழுதும்

வடசென்னை உழைப்பாளர் மிகுந்த பகுதியாகும். காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம். எண்ணூரில் காமராசர் துறைமுகம். பேசின் பாலத்தில் இரயில் பெட்டிகளைப் பேணும் பணிமனை. அப்பேசின் பாலத்தை அடுத்துள்ளது மூலக்கொத்தளம். இரயில் சக்கரத்தைச் சிறு சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே அதில் வெடிப்பு உண்டா இல்லையா என்று அறியும் வழக்கம் இரயில் தொழிலாளரிடையே நெடுங்காலம் இருந்தது. நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். வெடித்த சக்கரம் மங்கிய ஓசை தரும். கழற்றுவதற்கு முன் ஆராய்ந்து அறிதல் வேண்டும் என்பதே அவர்தம் தொழிலின் முதற்பாடம். அப்பாடம் இன்று மாணவர் கையிலுள்ள மடிக்கணினிக்கும் பொருந்தும்.

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. அதனால் கணினியையே கண்டிராத பல இல்லங்களில் அது இடம் பெற்றது. அத்தகைய வீடொன்றில் ஒருநாள் மடிக்கணினியின் திரை இருண்டுவிட்டது எனக் கொள்வோம். “டிஸ்பிளே போய்விட்டது, புதிது போட வேண்டும்” என்று யாரேனும் கூறுவர். புதிய திரைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். நாட்கூலி பெறும் குடும்பத்திற்கு அது பெருந்தொகையன்றோ? திரை உண்மையிலேயே உடைந்திருந்தால் செலவு செய்யத்தான் வேண்டும். ஆனால் இருண்ட திரையெல்லாம் உடைந்த திரை அன்று. பழுது தோன்றும் இடம் ஒன்றாகவும், பழுது உள்ள இடம் மற்றொன்றாகவும் இருத்தல் கூடும்.

இதனை விளங்கிக்கொள்ள, திரையின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். தோற்பாவைக் கூத்தில் வெண்துணியின் பின்னே விளக்கு எரியும். அவ்விளக்கின் ஒளி பாவைகளின் வழியே வந்து துணியில் உருவங்களைக் காட்டும். பாவைகளைக் கூத்தர் தம் கையிலுள்ள குச்சிகளால் ஆட்டுவிப்பார். மடிக்கணினித் திரையும் ஏறத்தாழ இத்தகையதே. அதன் பின்புறத்தில் ஒளி தரும் சிறு விளக்குகள் உள்ளன. இவற்றைத் தொழிலாளர் ‘பேக்லைட்’ என்பர். விளக்குக்கு முன்னே இரு மெல்லிய கண்ணாடித் தகடுகள் உள்ளன. அவற்றிற்கு இடையே, மயிரிழையின் பருமனில் பத்தில் ஒரு பங்கினும் குறைந்த இடைவெளியில், திரவப் படிகம் என்னும் பொருள் நிரப்பப்பட்டுள்ளது. இதுவே பாவை. கணினியின் தாய்ப்பலகையாகிய ‘மதர்போர்டு’ கூத்தரைப் போன்றது. தாய்ப்பலகையிலிருந்து மூடியின் கீல் வழியாகத் திரைக்குச் செல்லும் மெல்லிய கம்பிவடமே பாவையை ஆட்டும் குச்சி.

திரவப் படிகம் தானாக ஒளி வீசுவதன்று. மின்னழுத்தத்திற்கு ஏற்ப அதன் மூலக்கூறுகள் நிலை மாறும். அம்மாற்றத்தால் ஒளி மிகுந்தோ குறைந்தோ கடந்து வரும். இவ்வரிய பொருளை 1888-இல் ஆஸ்திரிய நாட்டு அறிஞர் பிரீட்ரிக் ரெய்னிட்சர் முதன்முதலில் கண்டார். பெங்களூரிலுள்ள இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். சந்திரசேகர் என்னும் அறிவியலறிஞர் தம் குழுவினருடன் 1977-இல் தட்டு வடிவ மூலக்கூறுகளாலான புதுவகைத் திரவப் படிகத்தைக் கண்டறிந்தார். அவ்வகைப் பொருள், பக்கவாட்டிலிருந்து நோக்கினும் திரையின் படம் தெளிவாகத் தெரிய உதவும் மென்படலங்களில் பின்னர்ப் பயன்பட்டது. 1366 புள்ளி அகலமும் 768 புள்ளி உயரமும் உடைய சாதாரணத் திரையில் 10,49,088 படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கூறுகளை உடையது. ஆக, 31,47,264 சிறு வாயில்கள் ஓயாது திறந்தும் மூடியும் நமக்குப் படத்தைக் காட்டுகின்றன.

இனி, பழுது எங்குள்ளது என்று எவ்வாறு அறிவது? விளக்கா, பாவையா, குச்சியா, கூத்தரா என்று ஒவ்வொன்றாக ஆராய்தல் வேண்டும். அதற்கு நான்கு சோதனைகள் உண்டு. இவற்றுள் எதற்கும் திருப்புளி தேவையில்லை.

முதற் சோதனை, கணினி உயிருடன் உள்ளதா என்பது. மின்விளக்கு எரிகிறதா? விசிறியின் ஓசை கேட்கிறதா? விசைப்பலகையில் பெரிய எழுத்துக்கான விசையை அழுத்தினால் அதன் சிறு விளக்கு எரிந்து அணைகிறதா? ஆம் எனின், கணினி உள்ளே இயங்குகிறது என்று கொள்ளலாம். விசிறி சுழன்றும் வேறு அசைவு இல்லையெனின், நினைவகப் பலகையாகிய ‘ராம்’ தன் இடத்தில் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். கடற்காற்றில் உப்பும் ஈரமும் கலந்திருப்பதால், கடலோரப் பகுதிகளில் உலோக முனைகள் விரைவில் மங்கி, மின்னோட்டம் தடைப்படுவது உண்டு. அம்முனைகளைத் தூய்மை செய்து மீண்டும் பொருத்திய அளவிலேயே உயிர்பெற்ற கணினிகள் பல.

இரண்டாவது, கைவிளக்குச் சோதனை. இருண்ட அறையில் கணினியை இயக்கி, கைவிளக்கின் ஒளியைத் திரைமேல் சாய்வாகப் பாய்ச்சுக. எழுத்துகளோ படமோ மங்கலாகத் தென்படுமாயின், பாவை ஆடுகிறது, விளக்கு மட்டுமே அணைந்தது என்பது பெறப்படும். ஒளியைக் குறைக்கும் விசை தவறுதலாக அழுத்தப்பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். மூடி மூடியிருப்பதைக் காந்தத்தால் உணரும் கருவி பல மடிக்கணினிகளில் உண்டு. அருகில் காந்தமுடைய கைப்பேசி உறை இருப்பினும் திரை அணையக்கூடும்.

மூன்றாவது, வேறொரு திரையில் காணுதல். எச்.டி.எம்.ஐ. வடத்தின் வாயிலாகக் கணினியைத் தொலைக்காட்சியுடன் இணைக்க வேண்டும். தொலைக்காட்சியில் படம் தெளிவாக வந்தால், கூத்தர் நலமாக உள்ளார். பழுது மடிக்கணினியின் திரையிலோ, வடத்திலோ, விளக்கிலோ இருக்கிறது. இரண்டிலும் ஒரே வகையான கோடுகள் தோன்றினால், படத்தை ஆக்கும் பகுதியிலேயே குறை உள்ளது. அந்நிலையில் புதிய திரை வாங்குவது வீண் செலவாகும்.

நான்காவது, மூடியை மெல்ல அசைத்தல். ஒரு கோணத்தில் படம் வந்து, மற்றொரு கோணத்தில் மறையுமாயின், கீலின் வழியே செல்லும் வடம் தேய்ந்தோ தளர்ந்தோ உள்ளது எனலாம். மூடியை நாள்தோறும் பலமுறை திறந்து மூடுவதால் நேரும் பழுது இது. வடத்தின் விலை திரையின் விலையினும் மிகக் குறைவு. மூடியை எவ்வாறு அசைத்தாலும், ஒரே இடத்தில் மாறாது நிற்கும் நெடுங்கோடு பெரும்பாலும் திரையின் குறையே. மை கொட்டியதுபோல் கருமை பரவினால் உள்ளிருக்கும் கண்ணாடி உடைந்துவிட்டது. இவ்விரண்டிற்கும் திரையை மாற்றுவதே வழி.

பழுது நீக்கும்போது கருத வேண்டியவை சில உண்டு. உத்தரவாதக் காலம் முடியாத கணினியை வெளியில் திறத்தல் கூடாது. திறக்கும்முன் மின்னேற்றியை நீக்கி, மின்கலத்தின் இணைப்பையும் துண்டித்தல் வேண்டும். தொழில் கற்றவர் திரையின் ஓரச் சட்டத்தை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் நெம்புவரேயன்றி, கூரிய இரும்பால் குத்தமாட்டார். முதலில் வடத்தின் முனையைக் கழற்றித் தூய்மை செய்து மீண்டும் பொருத்திப் பார்ப்பார். புதிய திரையே வேண்டுமெனின், பழைய திரையின் பின்புறம் அச்சிடப்பட்டுள்ள எண்ணைக் குறித்துக்கொள்வார். அளவு, படப்புள்ளிகளின் எண்ணிக்கை, வடமுனை 30 ஊசிகளை உடையதா 40 ஊசிகளை உடையதா என்பன ஒத்திருந்தாலன்றித் திரை பொருந்தாது. சென்னையில் இத்தகைய உதிரிப்பொருள்களுக்குப் பெயர்பெற்ற இடம் அண்ணா சாலையை அடுத்துள்ள ரிச்சி தெரு. பழைய திரைகள் சிலவற்றில் விளக்காகப் பாதரசக் குழல் இருக்கும். அதனை எரிய வைக்கும் பகுதியில் பல நூறு வோல்ட் மின்னழுத்தம் உண்டு. ஆதலின் மாணவர் சோதனைகளைத் தாமே செய்து, திறக்கும் பணியைத் தேர்ந்தவரிடம் விடுதலே நன்று.

ஆராயாமல் மாற்றுவதால் பணம் மட்டுமன்று, நிலமும் கெடுகிறது. வடசென்னையின் குப்பை பல்லாண்டுகளாகக் குவிந்த இடம் கொடுங்கையூர். கண்ணாடியும் நெகிழியும் உலோகமும் பின்னிய திரை அத்தகைய குப்பையில் சேர்ந்தால் எளிதில் மக்காது. உடைந்த குழலிலிருந்து பாதரசம் கசிந்தால் மண்ணும் நீரும் நஞ்சாகும். மின்னணுக் கழிவுகளை முறைப்படி மறுசுழற்சி செய்வதற்கென நடுவண் அரசு வகுத்த 2022-ஆம் ஆண்டின் விதிகள், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. எனவே, பயனற்ற திரையையும் குப்பைத் தொட்டியில் எறியாது, மறுசுழற்சிக்கு ஏற்பளிக்கப்பட்ட இடத்தில் சேர்ப்பித்தல் நம் கடமை.

சோதனைகள் நான்கிற்கும் தேவைப்படும் பொருள்கள் ஒரு கைவிளக்கும், ஒரு வடமும், அண்டை வீட்டுத் தொலைக்காட்சியுமே. இவற்றைக் கொண்டு ஆராய்ந்தறிந்த மாணவர், பழுது பார்ப்பவரிடம் சென்று, “வெளித்திரையில் படம் வருகிறது, மூடியை அசைத்தால் மறைகிறது, வடத்தைப் பாருங்கள்” என்று தெளிவாகக் கூறுவார். நேர்மையான தொழிலாளிக்கு அச்சொல் வேலையை எளிதாக்கும். மற்றவரிடம் ஏமாறாமல் குடும்பத்தையும் காக்கும்.