ராமேஸ்வரம் டூரா? கூடவே ஒரு பாடம்!

உங்கள் பிள்ளையின் ஸ்கூலில் ராமேஸ்வரம் டூரா? கோயில், தனுஷ்கோடி, கடைத்தெரு... இதோடு திரும்பினால் பாதி டூர்தான்!

தொண்டி பக்கம் காரங்காடு கிராமத்தில், அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகுச் சவாரி நடத்துகிறார்கள். சேற்றிலிருந்து ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருப்பவை மரத்தின் மூச்சு வேர்கள். இறால், நண்டு, மீன்குஞ்சு வளர்வது இங்கேதான். மரம் நின்றால் மீன் உண்டு. மீன் இருந்தால் ஊருக்குப் பிழைப்பு உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் படகில் உட்கார்ந்து பார்த்தாலே இது சட்டென்று புரியும்.

இன்னொரு கணக்கையும் சொல்லிக் கொடுங்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-ல் தேசியப் பூங்காவானது. அதில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் இன்று தண்ணீருக்கடியில்! சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டியது முக்கியக் காரணம். ‘ஞாபகத்துக்கு ஒரு துண்டு’ எடுப்பதும் அதே வேலைதான். 2001-லிருந்து பவளப்பாறை சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. எடுப்பதும் விற்பதும் குற்றம்.

கிளம்பும் முன்...

* தொப்பியும் தண்ணீரும் வீட்டிலிருந்தே கொடுத்து அனுப்புங்கள். காலி பாட்டில் பையிலேயே திரும்பி வரட்டும்.

* லைஃப் ஜாக்கெட் போடாமல் படகில் ஏறக்கூடாது.

* தனுஷ்கோடியில் நீரோட்டம் பலமானது. கரையில் நின்று பார்த்தால் போதும்.

* கடையில் பவளத் துண்டு நீட்டினால், “வேண்டாம்ணே” என்று சொல்லச் சொல்லுங்கள்.

வீடு திரும்பியதும் “என்ன வாங்கிட்டு வந்தே?” என்று கேட்காமல், “என்னென்ன பார்த்தே?” என்று கேட்டுப் பாருங்கள். ராத்திரி சாப்பாடு ஆறும்வரை பேசுவான்!