கரண்ட் போனால் குடிதண்ணீரும் போகும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை ஒட்டி நகர்ந்து ஆந்திரத்தில் கரையேறியது. புயல் போன பிறகும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் வெள்ளம் வடியாமல் நாள்கணக்கில் நின்றது. மாடி வீடுகளுக்குள் ஒரு சொட்டு வெள்ளம் ஏறவில்லை. ஆனாலும் குடிக்கத் தண்ணீர் கேட்டு அங்கிருந்தவர்களும் பால்கனியில் நின்று படகைப் பார்த்துக் கை அசைக்க வேண்டியிருந்தது. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோதும் இதேதான் நடந்தது.

ஏன் இப்படி? கிணற்றில் வாளி விட்டு இறைத்த காலம் நகரத்தில் முடிந்துவிட்டது. போர்வெல்லிலிருந்து ஏற்ற ஒரு மோட்டார், சம்பிலிருந்து மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்ற இன்னொரு மோட்டார், சுத்திகரிக்க ஆர்.ஓ. இயந்திரம் என்று எல்லாமே மின்சாரத்தை நம்பி இருக்கிறது. கரண்ட் போன மறுநாள் தொட்டி காலி. தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் கேன் போடுகிறவரும் வர முடியாது. அதனால்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரிலேயே வீட்டில் ஒரு ஓரத்தைக் குடிதண்ணீருக்கென்று ஒதுக்கிவிட வேண்டும் என்கிறேன்.

கணக்கு எளிது. குடிக்க, வாய் கொப்பளிக்க, கொஞ்சம் சமைக்க என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் வையுங்கள். குறைந்தது மூன்று நாளுக்கு வேண்டும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 48 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஏறக்குறைய இரண்டரை. இடமிருந்தால் ஒரு வாரத்துக்கு வைப்பது இன்னும் நல்லது. பால்புட்டிக் குழந்தையோ கர்ப்பிணியோ வீட்டில் இருந்தால் கூடுதலாகவே வையுங்கள்.

பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் கோட்டை விடுகிறார்கள். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும் நீல நிற ட்ரம் முன்பு எதைச் சுமந்தது என்று யாருக்கும் தெரியாது. ரசாயனம், பெயின்ட், மண்ணெண்ணெய், பூச்சிமருந்து இருந்த எதிலும் குடிதண்ணீர் பிடிக்கக் கூடாது. எத்தனை முறை தேய்த்துக் கழுவினாலும் சரி. உணவுப் பொருளுக்கென்று செய்த, இறுக மூடும் பாத்திரமே வேண்டும். அதைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன், வாசனையோ நிறமோ சேர்க்காத திரவ பிளீச் கலந்து, உட்சுவர் முழுதும் படும்படி குலுக்கி, அரை நிமிடம் விட்டுக் கொட்டிவிடுங்கள். நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிய பிறகு நிரப்பலாம்.

தண்ணீர் பெரும்பாலும் கெடுவது பிடித்து வைத்த பிறகுதான். அகன்ற வாய்ப் பாத்திரத்தில் டம்ளரை விட்டு மொள்ளும்போது நான்கு விரலும் தண்ணீருக்குள் போய்வருகின்றன. வெள்ள நாளில் அந்த விரல்கள் எதையெல்லாம் தொட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குழந்தை மொண்டு குடித்துவிட்டு மீதியை மறுபடி உள்ளேயே ஊற்றும். வாந்திபேதியும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் வீட்டுக்குள் வருவதற்கு இந்த வழி ஒன்றே போதும். வாய் குறுகலான, மூடியுள்ள, அடியில் குழாய் வைத்த பாத்திரம் இருந்தால் கை உள்ளே போகவே போகாது. அது இல்லையென்றால் நீளக் கைப்பிடி உள்ள கரண்டி ஒன்றைத் தண்ணீருக்கென்றே தனியாக மாட்டி வையுங்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் லேசாகக் குளோரின் வாடை வந்தால் முகம் சுளிக்கிறோம். இந்தியத் தர நிர்ணயம் குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது. வழியிலோ பாத்திரத்திலோ கிருமி நுழைந்தால் அதை அடக்குவது அந்த மிச்சம்தான். வீட்டுச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் கரி வடிகட்டி முதலில் எடுத்துவிடுவதும் அதையே. காய்ச்சினாலும் குளோரின் பறந்துவிடும். ஆகவே இயந்திரத் தண்ணீரும் காய்ச்சி ஆறிய தண்ணீரும் அன்றாடம் குடிக்க நல்லவையே. ஆனால் பல நாள் சேமித்து வைக்க ஏற்றவை அல்ல. அவற்றை இரண்டொரு நாளில் தீர்த்துவிடுங்கள். நெடுநாள் இருப்புக்கு, சீல் உடைக்காத கேனோ குளோரின் கலந்த தெளிந்த தண்ணீரோதான் சரி. வெயில் படாத இடத்தில் வைத்து, நிரப்பிய தேதியைப் பாத்திரத்தின் மேல் எழுதி, ஆறு மாதத்துக்குள் மாற்றிவிட வேண்டும்.

சேமிப்பிலும் ஒரு ஆபத்து உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. வீட்டுக்குள் நாம் பிடித்து வைக்கும் தெளிந்த தண்ணீரைத்தான் தேடி வரும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் முட்டை ஒட்டும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் அந்த முட்டைகள் காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே புழக்கத்துக்குப் பிடிக்கும் ட்ரம்மையும் தொட்டியையும் வாரம் ஒருமுறை காலி செய்து, உட்சுவரை நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். மூடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் மூடி இருந்தும் பயனில்லை; துணியைக் கட்டி அதன்மேல் மூடுங்கள்.

இருப்பு தீர்ந்துபோனால்? கேஸ் அடுப்புக்குக் கரண்ட் தேவையில்லை என்பது பெரிய ஆறுதல். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அதற்குப் பிறகும் ஒரு நிமிடம் விட்டு இறக்கினால் நோய்க்கிருமிகள் செத்துவிடும். கலங்கலாக இருந்தால் முதலில் தெளிய வைத்து வடிகட்டுங்கள். வங்கதேசக் கிராமங்களில் பழம் புடவையை நாலு மடிப்பு மடித்து வடிகட்டியதிலேயே காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. காலராக் கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த மடிப்பில் சிக்கிக்கொள்கின்றன. பலமுறை துவைத்து இழை நெருங்கிய புடவையே இதற்கு நல்லது. நம் பக்கத்துத் தேற்றாங்கொட்டையும் படிகாரமும் கலங்கலைத் தெளிய வைக்கும். ஆனால் தெளிந்த தண்ணீரெல்லாம் சுத்தமான தண்ணீர் ஆகிவிடாது. வடித்த பிறகும் காய்ச்சியே ஆக வேண்டும்.

காய்ச்ச வழியில்லாவிட்டால் குளோரின் மாத்திரை. எத்தனை லிட்டருக்கு ஒன்று என்று உறையில் எழுதியிருக்கும். மாத்திரைக்கு மாத்திரை அது வேறுபடும், படித்துவிட்டுப் போடுங்கள். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மழைக்கு முன்பே மருந்துக்கடையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: பெட்ரோல், எண்ணெய், தொழிற்சாலைக் கழிவு கலந்த தண்ணீரைக் காய்ச்சினாலும் குளோரின் போட்டாலும் குடிக்க முடியாது. அந்த நேரத்தில் மழையே மேல். பத்துப் பதினைந்து நிமிடம் பெய்து காற்றும் கூரையும் கழுவப்பட்ட பிறகு, வெளுத்த வேட்டியை நாலு மூலையிலும் இழுத்துக் கட்டி நடுவில் ஒரு சிறு கல்லை வைத்தால் கீழே வைத்த குடம் நிறையும். அதையும் காய்ச்சிக் குடியுங்கள்.

வெள்ளம் வடிந்ததும் மோட்டாரைப் போட்டுவிடாதீர்கள். சம்பின் வாயை வெள்ளம் தொட்டிருந்தால் உள்ளே இருப்பது சாக்கடை என்றே கொள்ள வேண்டும். மோட்டாரைப் போட்டால் அது மாடித் தொட்டிக்கும் எல்லா வீட்டுக் குழாய்க்கும் ஏறிவிடும். முழுதும் இறைத்து, சேற்றை வாரி, சுவரைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் தேய்த்துக் கழுவிய பிறகே புதுத் தண்ணீர் விட வேண்டும். அந்தத் தெளிந்த தண்ணீரில் 1,000 லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிராம் என்ற அளவில் நல்ல பிளீச்சிங் பவுடரைக் குழைத்து, கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே உள்ள தெளிவை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பழைய பவுடர் வீரியம் இழந்திருக்கும். ஒரு மணி நேரத்துக்குப் பின் லேசான குளோரின் வாடைகூட இல்லையென்றால் அந்தத் தண்ணீரை நம்ப வேண்டாம்.

இத்தனையும் நாம் செய்துகொள்வது. கேட்டு வாங்க வேண்டியவையும் இருக்கின்றன. மாசற்ற தண்ணீர் வாழ்வுரிமையின் பகுதி என்று 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, நிவாரண முகாமில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச வசதிகளில் குடிநீரையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. முகாமில் தண்ணீர் கேட்பதற்கு யாரும் கூச வேண்டியதில்லை. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070, சென்னை மாநகராட்சிக்கு 1913, சென்னைக் குடிநீர் வாரியத்துக்கு 1916. புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

புயல் நாளில் தண்ணீர் பாட்டிலை இரண்டு மடங்கு விலைக்கு விற்பவரைப் பார்த்து, அவசரத்துக்குக் கொடுத்துத் தொலைப்போம் என்று போய்விடுகிறோம். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். பில் தராவிட்டால் பாட்டிலின் லேபிளையும் பணம் அனுப்பிய விவரத்தையும் படம் எடுத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். கேனில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் தேதியும் இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் சங்கத்திடம் எழுத்து மூலம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு: சென்ற வெள்ளம் சுவரில் விட்டுப்போன கறைக்கு மேலே நிற்கும்படி சம்பின் வாயை உயர்த்திக் கட்டி, தண்ணீர் புகாத மூடி போட வேண்டும். கழிவுநீர்த் தொட்டி பக்கத்திலேயே இருந்தால் இது இன்னும் அவசரம். ஆகஸ்ட் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு வாங்கிவிடுங்கள். அக்டோபரில் கொத்தனார் கிடைக்க மாட்டார், கிடைத்தாலும் மழையில் பூச்சு காயாது.