செபர் புகையிரதமும் அதன் மாதிரியுருவும்

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் சிறுதேர்ப் பருவமாகும். வீதியில் உலாவரும் பெருந்தேரைக் கண்ட குழந்தை, தன் கைக்கடங்கிய தேரொன்றை உருட்டி மகிழ்கிறது. பெரியதைச் சிறிதாக்கிக் காணும் ஆசை மனிதருடன் கூடப் பிறந்தது. எனினும், விளையாட்டுத் தேர் வேறு, மாதிரியுரு வேறு. விளையாட்டுத் தேருக்குச் சில்லும் கயிறும் போதும். மாதிரியுருவுக்கோ அளவு வேண்டும். உறுப்புகள் யாவும் ஒரே விகிதத்திற் குறைக்கப்பட்டாலன்றி அது மாதிரியுரு எனும் பெயருக்கு உரியதாகாது. அவ்வாறு குறைக்கும்போது எது எஞ்சுகிறது, எது மறைகிறது என்பதைப் புகழ்பெற்ற டீசல் வண்டி ஒன்றினைக் கொண்டு ஆராய்வோம்.

அவ்வண்டி, அமெரிக்காவின் பேர்லிங்டன் புகையிரதக் கம்பனி 1934ஆம் ஆண்டில் ஓட்டிய 'செபர்' என்பது. மேல்காற்றுக்குக் கிரேக்கர் வழங்கிய பெயர் அது. நீராவி வண்டி அன்றாயினும், வழக்குப் பற்றி அதனையும் புகையிரதம் என்றே குறிப்பிடுவோம். அக்காலம் பொருளாதார மந்தம் அந்நாட்டை வாட்டிய காலம். மோட்டார் வாகனங்களும் பெருகிவிட்டமையாற் புகையிரதங்களிற் பயணிகள் அருகினர். பாரமான நீராவி வண்டிகளை ஓட்டும் செலவோ குறையவில்லை. இந்நிலையிலே, கம்பனியின் தலைவர் ரல்ப் பட், எட்வேர்ட் பட் என்பாரின் தொழிற்சாலையிடம் இலேசானதும் விரைவானதுமான புதிய வண்டியொன்றைச் செய்விக்க முற்பட்டார்.

இலேசாக்குவதற்குக் கருவியாயிற்றுத் துருவேறா உருக்கு. அது வலிமை மிக்கதாதலால் மெல்லிய தகடே போதும். ஆயினும், வழமையான முறையிற் காய்ச்சி ஒட்டினால் அதன் துருவேறாத் தன்மை ஒட்டிய இடத்திற் கெட்டுவிடும். மின்னோட்டத்தை மிகச் சிறு கணமே செலுத்திப் புள்ளி புள்ளியாக ஒட்டும் முறையைத் தொழிற்சாலையார் கண்டறிந்து இத்தடையை நீக்கினர். 600 குதிரைவலுக் கொண்ட டீசல் இயந்திரம் மின்பிறப்பாக்கியைச் சுழற்ற, அம்மின்சாரம் முன்சில்லுகளை இயக்கியது.

1934 மே 26ஆம் நாள் அதிகாலையில் டென்வர் நகரிற் புறப்பட்ட செபர், இடையில் எங்கும் தரிக்காது 1,015 மைல் ஓடி, அன்று மாலையே சிக்காக்கோவை அடைந்தது. எடுத்த நேரம் 13 மணித்தியாலம் 5 நிமிடம். சராசரி வேகம் மணிக்கு ஏறக்குறைய 78 மைல். அதே தூரத்துக்கு அக்காலத்து வண்டிகள் சுமார் 26 மணித்தியாலம் எடுத்தன. சிறு கழுதையொன்றும் அன்று பயணிகளுள் ஒன்றாக இருந்ததாம்!

இனி, மாதிரியுருவுக்கு வருவோம். 'எச்.ஓ.' எனப்படும் அளவுத்திட்டத்தில் 87 அடி ஓரடியாகக் குறையும். 1,435 மில்லிமீற்றர் அகலமான அமெரிக்கப் பாதை 16.5 மில்லிமீற்றர் ஆகும். நமது இலங்கையின் ஐந்தரை அடிப் பாதையை இவ்விகிதத்திற் குறைத்தால் 19 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் வரும். 197 அடி நீளமான மூன்று பெட்டிச் செபர், 69 சதமமீற்றரில் மேசைமேல் அடங்கிவிடும். அதன் புகழ்பெற்ற வேகத்தையும் அவ்வாறே குறைத்தால் வினாடிக்கு 40 சதமமீற்றர்தான். மாதிரி வண்டியை அம்புபோற் பறக்கவிடுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

நல்ல மாதிரியுரு இரண்டு நுட்பங்களைத் தெளிவாகக் காட்டும். முதலாவது, பக்கங்களில் நீளவாட்டில் ஓடும் நெளிவுகள். அவை வெறும் அலங்காரமல்ல. தட்டையான மெல்லிய தகடு எளிதில் வளையும். நெளித்த தகடு வளையாது நிற்கும். நம் கூரைத் தகரத்தின் இரகசியமும் அதுவே. இரண்டாவது, பெட்டிகளின் இணைப்பு. மூன்று பெட்டிகளுக்கு ஆறு சில்லுத்தொகுதிகள் வேண்டியிருக்க, அடுத்தடுத்த பெட்டிகள் ஒரே தொகுதியின்மேல் அமர்ந்தமையால் நான்கே போதுமாயின. இவ்விரண்டையும் புறக்கணித்து, வெள்ளிப் பூச்சை மட்டும் பளபளக்கச் செய்த மாதிரியுரு, உருவத்தைக் காட்டிக் கருத்தைக் கைவிட்டதாகும்.

எத்துணைத் தேர்ந்த கைவினைஞராலும் காட்ட முடியாதவையும் உள. ஒரு மில்லிமீற்றர் தகட்டை 87இற் பிரித்தால், கடதாசியிலும் பன்மடங்கு மெல்லிய படலமே எஞ்சும். ஆதலால் மாதிரியின் சுவரைத் தடிப்பாகவே வார்க்கின்றனர். அச்சுவர் ஒரு மில்லிமீற்றர் தடிப்பாயின், மெய்யான வண்டியில் அது மூன்றங்குலத்துக்கு மேற்பட்ட கவசமாகும்! பாரமும் அவ்வாறே. நீளம் 87இல் ஒன்றாகும்போது கனவளவு 6,58,503இல் ஒன்றாகிவிடும். ஏறக்குறைய நூறு தொன் நிறையுள்ள செபர், சரிநுட்பமாகக் குறைக்கப்பட்டால் நூற்றைம்பது கிராம் அளவினதே. தண்டவாளத்தில் நிலைத்தோட அது போதாமையால், மாதிரி செய்வோர் வேண்டுமென்றே பாரம் சேர்க்கின்றனர். வளைவுகளும் அத்தகையனவே. மேசைப் பாதைகளிற் பெருவழக்கான 18 அங்குல ஆரை, மெய்யளவில் 130 அடிக்குச் சமம்; அத்தகைய வளைவில் எந்த விரைவு வண்டியும் பாய்ந்தோட இயலாது.

ஆகவே, செபருக்குப் பெருமை தந்த இலேசும் மென்மையுமே மாதிரியுருவில் மறைந்துபோகின்றன. கண்ணுக்குத் தெரிவன உருவமும் அமைப்பும். தெரியாதிருப்பது, குறைந்த செலவில் மக்களை மீண்டும் புகையிரதத்துக்கு அழைக்க முயன்றோரின் தேவை. மெய்யான செபர் 1960ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றுச் சிக்காக்கோவின் விஞ்ஞான, கைத்தொழில் நூதனசாலைக்குக் கையளிக்கப்பட்டது. அங்கு செல்ல வாய்ப்பில்லாத மாணவருக்கு மாதிரியுரு அரியதொரு துணை. எனினும் அதனை மாணவர் முன் வைப்போர், "இது எதனைப் போல் உள்ளது?" என்று கேட்பதோடு நில்லாது, "இதில் எதனைக் காண முடியவில்லை? அஃது ஏன்?" என்றும் வினவுதல் வேண்டும். முதல் வினா கண்ணைப் பழக்கும். இரண்டாம் வினாவே அறிவைப் பழக்கும்.