மராத்தி சொல்லிக்கொடுத்த பஸ்

மும்பைக்குப் பிழைக்க வந்த தமிழர்களுக்கு மராத்தி சொல்லிக்கொடுத்த முதல் வாத்தியார் யார் தெரியுமா? 'பெஸ்ட்' பஸ்தான்!

முன்பு இங்கு பஸ்சின் நெற்றியில் நம்பரை மராத்தி எழுத்தில்தான் போட்டிருந்தார்கள். ஆங்கில எண் பக்கவாட்டில் இருந்தது. அதைப் பார்ப்பதற்குள் பஸ் புறப்பட்டுவிடும். அதனால், பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர்கள்கூட அந்த எண்களை மனப்பாடம் செய்தார்கள்.

நாலா? எட்டா?

மராத்தி 4 நம் கண்ணுக்கு 8 போல் தெரியும். 1, கிட்டத்தட்ட 9 மாதிரி இருக்கும். அவசரத்தில் ஏறினால், தாராவிக்குப் போக வேண்டியவர் வேறு எங்கோ போய் இறங்குவார். அன்றைய கூலியில் ஒரு பங்கு, திரும்பி வரும் டிக்கெட்டுக்குப் போய்விடும்!

அந்தக் காலத்தில் கண்டக்டர், டிக்கெட் துளை போடும் கருவியை 'டிக் டிக்' என்று தட்டிக்கொண்டு 'புடே சலா' என்பார். 'முன்னே போங்கள்' என்று அர்த்தம். இது இரண்டாம் பாடம்.

சுரங்க ரெயில்

1937-ல் வந்த மாடி பஸ்களில், பழைய டீசல் வண்டிகள் 2023 செப்டம்பரோடு நின்றுவிட்டன. 2025 மே மாதம் தாராவிக்கே சுரங்க ரெயில் வந்துவிட்டது. அடுத்த நிலையத்தின் பெயரை ஒலிபெருக்கியே சொல்லிவிடுகிறது. நம்பர் பார்க்கும் வேலை இல்லை.

ஆனால், ரெயில் போகாத இடங்களுக்கு இன்றும் பஸ்தான் கதி. ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அந்தப் பத்து எண்களையும் எழுதிக் காட்டுங்கள். நடுவழியில் திகைத்து நிற்க மாட்டார்கள்.