தக்காளி இலையில் ஒரு காவல்

தக்காளித் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். செடியைத் தொட்டால் கை பிசுபிசுக்கும். ஒரு வாசனை வரும். விரல்களில் பச்சையும் மஞ்சளுமாகக் கறை படியும். இது எங்கிருந்து வருகிறது?

தக்காளியின் தண்டிலும் இலையிலும் மெல்லிய ரோமங்கள் உள்ளன. பூனை முடி போல இருக்கும். வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், தெரியும். இவற்றில் சில வெறும் முடிகள். வேறு சில ரோமங்களின் நுனியில் மிகச் சிறிய குமிழ் இருக்கும். அதில்தான் பசையும் வாசனைச் சாறும் உள்ளன.

பூச்சி இலையில் வந்து உட்காருகிறது. அதன் கால் பட்டதும் குமிழ் உடைகிறது. பசை காலில் ஒட்டுகிறது. சிறு பூச்சியால் நடக்க முடிவதில்லை. இலைச் சாற்றை உறிஞ்சவும் முடிவதில்லை. சில அங்கேயே சாகின்றன. இதுதான் செடியின் காவல்.

இந்தக் காவல் ஏன் முக்கியம்? வெள்ளை ஈயால் வரும் ஆபத்து பெரியது. இது ஒரு செடியிலிருந்து மறு செடிக்கு இலைச்சுருள் நோயைப் பரப்புகிறது. இலை சுருளும். செடி குட்டையாகும். காய் பிடிக்காது. நோய் வந்த செடியைக் குணமாக்க மருந்து இல்லை. ஒரே பூச்சி மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் வெள்ளை ஈ அதற்குப் பழகிவிடும். மருந்துக் கடன்தான் மிஞ்சும்.

காவல் இருந்தும் நோய் வருவது ஏன்? தக்காளியின் தாய்நாடு தென் அமெரிக்கா. அங்கே பெரு, ஈக்வடார் நாடுகளில் காட்டுத் தக்காளி வளர்கிறது. சில காட்டு வகைகளில் குமிழ் ரோமங்கள் மிக அதிகம். வெள்ளை ஈ அவற்றை விரும்புவதில்லை. 1980-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு காட்டு வகையின் ரோமச் சாற்றில் பூச்சியைக் கொல்லும் பொருளைக் கண்டார்கள்.

மனிதர்கள் பெரிய பழத்தைப் பார்த்து விதை எடுத்தார்கள். இலையை யார் பார்த்தார்கள்? பழம் பெருத்தது. காவல் குறைந்தது.

காட்டு வகையை நாட்டு வகையோடு சேர்த்துப் புதிய ரகம் உண்டாக்க முயற்சி நடக்கிறது. இது எளிதல்ல. காவலோடு சிறிய பழமும் சேர்ந்து வரலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. காய்ப்புழுவின் முட்டையை அழிக்கும் சிறு குளவி உழவருக்கு நண்பன். அதுவும் இந்தப் பசையில் சிக்கிக்கொள்ளும்.

இப்போது உழவர் என்ன செய்யலாம்? ரோமம் செய்யும் வேலையை மஞ்சள் ஒட்டுப் பொறி செய்யும். மஞ்சள் நிறம் வெள்ளை ஈயை இழுக்கும். பசை பிடித்துக்கொள்ளும். நாற்றங்காலை நெருக்கமான நைலான் வலையால் மூடலாம். இளம் நாற்றை வெள்ளை ஈ தொடாது. இலை சுருண்ட செடியை உடனே பிடுங்கி அழிக்க வேண்டும். ஒரு செடியை இழந்தாலும் மற்ற செடிகளைக் காப்பாற்றலாம்.