குறட்டைக்குப் பல் டாக்டரா? தாடைக் கருவி பற்றிக் கொஞ்சம் விரிவாக

எங்க நாகலாபுரம் பக்கம் குறட்டையை யாரும் நோயாகப் பார்ப்பதில்லை. பகல் முழுக்கக் கரிசல் வெயிலில் பருத்தியோ மிளகாயோ பறித்துவிட்டு வந்தவர் மொட்டை மாடியில் படுத்து இடி மாதிரி குறட்டை விட்டால், "அசந்து தூங்குறாரு, எழுப்பாதீங்க" என்றுதான் சொல்வார்கள். கும்பகர்ணன் என்று ஒரு கேலி, அதோடு சரி. ஆனால் குறட்டை விடுகிற எல்லாரும் அசந்து தூங்குவதில்லை. சிலர் இரவு முழுக்கத் தூங்கவே இல்லை என்பதுதான் விஷயம்.

இதை நான் தேடிப் படிக்கக் காரணம் என் மச்சான். கோவில்பட்டியிலிருந்து லாரி ஓட்டுகிறவர். "மாப்ளே, வாயில மாட்டுனா குறட்டை நிக்குமாம், ஆன்லைன்ல ஐநூறு சொச்சத்துக்குக் கிடைக்குது, வாங்கலாமா?" என்று ஒரு லிங்க் அனுப்பினார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. அதனால் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர் ஆள். ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துப் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

குறட்டையும் மூச்சு நிற்றலும்

மூக்குக்கும் குரல்வளைக்கும் நடுவில் இருக்கும் தொண்டைப் பகுதிக்கு எலும்புச் சுவர் கிடையாது. தசையாலான ஒரு குழாய் அது. விழித்திருக்கும்போது அந்தத் தசைகள் விறைப்பாக இருந்து வழியைத் திறந்து வைக்கின்றன. தூங்கியதும் தளர்கின்றன. நாக்கு பின்னால் சரிகிறது. உள்நாக்கு இருக்கும் மெல்லண்ணம் தொங்குகிறது. வழி குறுகும்போது காற்று அந்தச் சதைகளை அதிர வைக்கிறது. அதுதான் குறட்டை.

வழி இன்னும் குறுகி முழுசாக மூடிக்கொண்டால்? நெஞ்சு ஏறி இறங்கும், காற்று மட்டும் போகாது. சத்தமும் இருக்காது. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் ஆளை அரைகுறையாக எழுப்பிவிடும். ஒரு பெரிய இழுப்பு, மறுபடி குறட்டை. காலையில் அவருக்கு எதுவுமே நினைவிருக்காது. பக்கத்தில் படுத்தவருக்குத்தான் தெரியும். இதுதான் ஸ்லீப் ஆப்னியா, அதிலும் வழி அடைபடுவதால் வருகிற வகை.

பத்து விநாடிக்கு மேல் மூச்சு நின்றாலோ, குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்தாலோ அதை ஒரு தடவை என்று எண்ணுவார்கள். மணிக்கு எத்தனை தடவை என்பதுதான் ஏ.எச்.ஐ. என்ற எண். 5-க்குக் கீழே இருந்தால் சரி. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை. ஏழு மணி நேரத் தூக்கத்தில் 210 தடவை! அப்படித் தூங்கி எழுந்தவர் மறுநாள் ஸ்டியரிங் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்படாமல் நிற்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

இது பணக்கார நாட்டு வியாதி என்று நினைக்க வேண்டாம். 2004-ல் மும்பையில் 35 முதல் 65 வயது வரையுள்ள ஆண்களிடம் நடந்த ஆய்வில் 19.5 சதவீதம் பேருக்கு ஏ.எச்.ஐ. 5-க்கு மேல் இருந்தது. பகல் தூக்கமும் சேர்ந்து இருந்தவர்கள் 7.5 சதவீதம். சென்னையில் க்யூர்ஸ் என்ற பெரிய சர்க்கரை நோய் ஆய்வின் ஒரு பகுதியாக 358 பேரிடம் தூக்கம் பற்றிக் கேட்டார்கள். 2010-ல் வந்த அந்த முடிவின்படி 40 சதவீதம் பேர் குறட்டை விடுகிறவர்கள். இந்திய ஆய்வுகளை எல்லாம் தொகுத்து 2023-ல் எய்ம்ஸ் டாக்டர்கள் போட்ட கணக்கு: பெரியவர்களில் சுமார் 11 சதவீதம், அதாவது வேலை செய்யும் வயதில் பத்துக் கோடிப் பேருக்கு மேல்.

தாடையை முன்னே இழுத்தால் ஏன் வழி திறக்குது?

இதற்கு ஒரு நல்ல உதாரணம் 108 ஆம்புலன்ஸ். மயங்கிக் கிடப்பவரின் கீழ்த்தாடையை இரண்டு கையாலும் முன்னால் தள்ளிப் பிடிப்பார்கள், பார்த்திருக்கலாம். நாக்கின் முக்கியமான தசை ஒன்று கீழ்த்தாடையின் முன்பக்க உள்சுவரில், மோவாய்க்குப் பின்னால், ஒட்டியிருக்கிறது. தாடை முன்னே வந்தால் நாக்கும் கூடவே முன்னே வந்தாக வேண்டும். அதோடு மெல்லண்ணத்துக்குப் பின்னால் இருக்கும் இடம் பக்கவாட்டிலும் கொஞ்சம் விரிகிறது.

ஆம்புலன்ஸ்காரர் கையால் செய்வதை இரவு முழுக்கப் பல்லைப் பிடித்துக்கொண்டு செய்வதுதான் தாடைக் கருவி. டாக்டர்கள் எம்.ஏ.டி. என்பார்கள். மேல் பல் வரிசைக்கு ஒன்று, கீழ் வரிசைக்கு ஒன்று என்று அக்ரிலிக்கில் இரண்டு தட்டுகள். இரண்டையும் ஒரு திருகோ பட்டையோ இணைக்கும். திருகைத் திருப்பினால் கீழ்த்தாடை மில்லிமீட்டரில் சிறு பங்கு முன்னே போகும்.

நீங்களே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். வாயை மூடிக் குறட்டைச் சத்தம் போட்டுப் பாருங்கள். இப்போது கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னால் வருகிற மாதிரி தாடையைத் தள்ளிக்கொண்டு அதே சத்தத்தைப் போடுங்கள். பலருக்குக் கஷ்டமாக இருக்கும். இது நோயறிதல் இல்லை, தத்துவம் புரிவதற்காக மட்டும்.

இந்த யோசனை புதுசும் இல்லை. தாடை சிறுத்துப் பிறந்து, நாக்கு பின்னால் விழுந்து மூச்சடைக்கும் குழந்தைகளைப் பற்றி நூறு வருஷத்துக்கு முன்பே எழுதியவர் பியர் ரோபின் என்ற பிரெஞ்சு டாக்டர். தாடையை முன்னால் பிடித்து வைக்கும் கருவியையும் அவர் பயன்படுத்தினார். பெரியவர்களின் ஆப்னியாவுக்கு வாய்க் கருவி என்பது 1980-களில் சூடு பிடித்தது. 1982-ல் சிகாகோவில் ரோசலிண்ட் கார்ட்ரைட்டும் சார்ல்ஸ் சாமெல்சனும் நாக்கையே உறிஞ்சிப் பிடித்து முன்னால் வைத்திருக்கும் ஒரு குமிழ்க் கருவியைப் பற்றி எழுதினார்கள். தாடையை நகர்த்தும் கருவிகள் அதைத் தொடர்ந்து வந்தன.

சி-பேப்பா, தாடைக் கருவியா? ஒரு கணக்கு

ஆப்னியாவுக்கு முதல் மருத்துவம் சி-பேப் மெஷின்தான். மூக்கில் மாஸ்க் மாட்டி, காற்றை லேசான அழுத்தத்தில் ஊதி, தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981-ல் இதை வெளியிட்டார். மாட்டிக்கொண்டு தூங்கினால் இதை மிஞ்ச எதுவுமில்லை. பிரச்சினை அந்த "மாட்டிக்கொண்டு தூங்கினால்" என்பதில்தான் இருக்கிறது. மாஸ்க் குத்துகிறது, மூக்கு காய்கிறது, கரண்ட் வேண்டும். வாரத்தில் நாலு இரவு லாரி கேபினில் படுப்பவருக்கு இது எளிதில்லை. சேவ் என்ற பெரிய ஆய்வில் (2016) 2717 பேர் இருந்தார்கள். அதில் சி-பேப் கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக ஓர் இரவில் மெஷினைப் போட்டிருந்தது 3.3 மணி நேரம்தான்.

இப்போது 2013-ல் சிட்னியில் வந்த ஆய்வைப் பார்ப்போம். 126 பேர். ஒரு மாதம் சி-பேப், ஒரு மாதம் தாடைக் கருவி என்று இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள்; 108 பேர் இரண்டையும் முடித்தார்கள். ஆரம்பத்தில் சராசரி ஏ.எச்.ஐ. 25.6. சி-பேப்பில் 4.5-க்கு இறங்கியது, கருவியில் 11.1-க்குத்தான் இறங்கியது. சி-பேப் ஜெயித்துவிட்டது, இல்லையா? ஆனால் போட்டிருந்த நேரம் சி-பேப் 5.2 மணி, கருவி 6.5 மணி.

ஏழு மணி நேரத் தூக்கம் என்று வைத்துக்கொண்டு நானே ஒரு கணக்குப் போட்டேன். மாட்டாத நேரத்தில் ஏ.எச்.ஐ. பழையபடி 25.6 என்று எடுத்துக்கொள்வோம்.

சி-பேப்: (5.2 × 4.5 + 1.8 × 25.6) ÷ 7 = சுமார் 9.9

கருவி: (6.5 × 11.1 + 0.5 × 25.6) ÷ 7 = சுமார் 12.1

6.6 ஆக இருந்த வித்தியாசம் 2.2 ஆகச் சுருங்கிவிடுகிறது. இது என் தோராயக் கணக்கு மட்டும்தான். ஆனால் அந்த ஆய்விலேயே 24 மணி நேர இரத்த அழுத்தத்தில் கருவி சி-பேப்பை விட மோசமாக இல்லை என்றுதான் வந்தது. சக்தி குறைந்த மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதும், சக்தி வாய்ந்த மருந்தைப் பாதி நாள் விடுவதும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்து சேரும் என்று புரிந்துகொள்ளலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. இவை சராசரிகள். கருவி போட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேருக்கு ஏறக்குறைய முழுசாகச் சரியாகிறது, இன்னொரு பங்குக்குப் பாதி, மீதிப் பேருக்குப் பெரிதாகப் பலனில்லை. நீங்கள் எந்தப் பங்கு என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஏ.எச்.ஐ. 30-க்கு மேல் இருப்பவர்கள் முதலில் சி-பேப்பைத்தான் முயல வேண்டும். 2014-ல் இந்திய நிபுணர்கள் சேர்ந்து எழுதிய இனோசா வழிகாட்டி, லேசான, நடுத்தர ஆப்னியா உள்ளவர்களில் சி-பேப் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் கருவியே போதும் என்று கேட்பவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்கிறது.

அந்த ஆன்லைன் கிளிப்

மச்சான் அனுப்பிய ரகம் வெந்நீரில் போட்டு, இளகியதும் கடித்து அச்செடுப்பது. இதன் முதல் குறை, பல்லில் சரியாகப் பிடிக்காது, தூக்கத்தில் கழன்றுவிடும். இரண்டாவது, பல மாடல்களில் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்த வழியில்லை. சரியான இடம் ஆளுக்கு ஆள் மாறும். டாக்டர்கள் தாடை அதிகபட்சம் போகிற தூரத்தில் பாதி அல்லது கொஞ்சம் கூடுதலில் ஆரம்பித்து, வாரக்கணக்கில் நகர்த்திக்கொண்டே போவார்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பும் பல் தூக்க மருத்துவ அமைப்பும் 2015-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, அளவெடுத்துச் செய்த, நகர்த்தக்கூடிய கருவியைத்தான் கேட்கிறது.

மூன்றாவதுதான் ஆபத்து. கிளிப் குறட்டையை நிறுத்திவிடலாம், ஆப்னியாவை நிறுத்தாமல் விடலாம். வீட்டில் எல்லாரும் "இப்பதான் நிம்மதியா தூங்குறாரு" என்று நினைப்பார்கள். சத்தம்தான் போயிருக்கும், மூச்சு நிற்பது அப்படியே இருக்கும். இருந்த ஒரே அலாரத்தையும் அணைத்துவிட்ட மாதிரி. அதனால்தான் அளவெடுத்துச் செய்த கருவி என்றாலும், அதை மாட்டிக்கொண்டு மறுபடி ஒரு தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள்.

யாருக்கு ஆகாது, என்ன விலை கொடுக்கணும்

கருவி பல்லைப் பிடித்துத்தான் நிற்கிறது. ஒவ்வொரு தாடையிலும் எட்டுப் பத்து உறுதியான பல்லாவது வேண்டும். எங்க ஊரில் வெற்றிலை, புகையிலை போட்டு ஈறு இறங்கிப் பல் ஆடும் நிலையில் இருப்பவர்கள் எத்தனை பேர்! அவர்கள் முதலில் ஈறைச் சரிசெய்ய வேண்டும். முழுப் பல்செட் வைத்தவர்களுக்கு இது ஆகாது, நாக்கைப் பிடிக்கும் அந்தக் குமிழ் வகையைக் கேட்டுப் பார்க்கலாம். தாடை மூட்டில் வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். மூளையிலிருந்து மூச்சுக்கான உத்தரவே வராத வகை ஆப்னியாவுக்கு இது உதவாது. குழந்தைகள் குறட்டை விட்டால் டான்சில், மூக்கடி சதையைப் பார்க்கும் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போக வேண்டும், இங்கே வரக்கூடாது.

ஆரம்ப வாரங்களில் எச்சில் ஊறும், காலையில் தாடை கடுக்கும். பெரும்பாலும் பழகிவிடும். பழகாமல் நீடிப்பது பல் நகர்வு. 77 பேரைச் சராசரியாக 11 வருஷம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2014-ல் வந்தது. மேல் முன்பல் கீழ்ப்பல்லை மூடும் அளவு சுமார் 2.3 மில்லிமீட்டரும், முன்னால் நீட்டியிருக்கும் அளவு சுமார் 1.9 மில்லிமீட்டரும் குறைந்திருந்தன. கடி கொஞ்சம் மாறிவிடும் என்று அர்த்தம். மூச்சு நிற்பதோடு ஒப்பிட்டால் இது சின்ன விலைதான், ஆனால் கருவி கொடுப்பவர் இதை முதலிலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

எந்த வரிசையில் போகலாம்

1. முதலில் பக்கத்தில் படுப்பவரிடம் கேளுங்கள்: மூச்சு நின்று நின்று வருகிறதா? பகலில் பஸ்ஸில் உட்கார்ந்ததும், சாப்பிட்டதும், சிக்னலில் நிற்கும்போதும் கண் சொக்குகிறதா என்று உங்களையே கேளுங்கள். சட்டைக் காலர் அளவு 40 செ.மீ.-க்கு மேலா, பிரஷர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. இரண்டு மூன்றுக்கு ஆமாம் என்றால், நுரையீரல் அல்லது காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்த் தூக்கப் பரிசோதனை பற்றிப் பேசுங்கள். கோவில்பட்டிப் பக்கத்து ஆட்கள் மதுரையிலோ திருநெல்வேலியிலோ விசாரிக்கலாம். வீட்டிலேயே மாட்டித் தூங்கும் சோதனையும் உண்டு.

3. ஏ.எச்.ஐ. எண்ணைக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் பல் டாக்டர். ஆப்னியாவுக்குக் கருவி செய்து பழக்கம் உண்டா, திருகி நகர்த்தும் வகையா, எத்தனை தடவை வரவேண்டும் என்று கேளுங்கள்.

4. கருவி நன்றாக அமர்ந்ததும் அதை மாட்டிக்கொண்டு மறுபரிசோதனை. பழைய எண்ணையும் புது எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். குறட்டை நின்றதா என்று வீட்டுக்காரரைக் கேட்பது மட்டும் போதாது.

5. எடை குறைப்பது, மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது, படுக்கும் முன் மது தவிர்ப்பது. எந்தக் கருவி வைத்தாலும் இவை கூடவே வேண்டும்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் இன்னொன்று. பரிசோதனை முடிந்து மருத்துவம் பிடிக்கும் வரைக்கும் ராத்திரி டிரிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கண் சொக்கினால் ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் தூங்குங்கள். டீயும் பாட்டும் தூக்கத்தைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.