டன்கிர்க் மணலில் கோவேறு கழுதைக்காரர்கள்

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஒரு பெருமை இருந்தது. குதிரை, கழுதைக் காலம் போய்விட்டது, எங்களிடம் எல்லாமே மோட்டார்தான் என்ற பெருமை. 1939 இலையுதிர்கால மழையில் பிரான்ஸின் மண்சாலைகள் சேறாகி லாரிகள் புதையத் தொடங்கியதும் அது கரைந்தது. வண்டி போகாத இடத்துக்குக் கோவேறு கழுதை போகும். பழக்கிய கழுதையும் அதை ஓட்டத் தெரிந்த ஆளும் இந்தியாவில் இருந்தார்கள்.

அப்படிக் கிளம்பியதுதான் 'கே 6' படை. ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸின் 22, 25, 29, 32 எண்ணுள்ள நான்கு கம்பெனிகள் பம்பாயில் கப்பலேறி, 1939 டிசம்பர் 26-ல் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. பெரும்பாலோர் பஞ்சாப் முஸ்லிம்கள். அந்த ஆண்டு ஐரோப்பாவில் கொடும் குளிர். இறங்கியதுமே பனி.

கழுதை ஓட்டும் சிப்பாயைப் பட்டாளத்தில் 'டிராபி' என்பார்கள். 'டிரைவர்' என்பதுதான் வாய்க்கு வாய் தேய்ந்து அப்படி ஆனது. சுடுவது அவர் வேலை அல்ல. ரயிலடியில் வந்து இறங்கும் சாமானைத் தேவைப்படும் இடத்துக்குக் கொண்டு சேர்ப்பது வேலை. ஒரு கழுதை முதுகில் எழுபது கிலோவுக்கு மேல் ஏற்றலாம். ஆனால் சுமையை இரு பக்கமும் சமமாகக் கட்டத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் சேணம் உராய்ந்து முதுகு புண்ணாகும். புண்பட்ட கழுதை பல நாள் எதற்கும் உதவாது. முதலில் தண்ணீர், பிறகு தீனி. முறை மாறினால் வயிற்றுவலி கண்டு செத்தும் போகும். இத்தனையும் முடிந்த பிறகுதான் டிராபிக்குத் தன் ரொட்டி. போர் நூல்களில் இதற்கு அதிகம் இடம் கிடைப்பதில்லை. தோட்டாப் பெட்டியைக் கொண்டுவந்து சேர்த்தவரை விட, அதைச் சுட்டுத் தீர்த்தவருக்குத்தான் பக்கங்கள்.

1940 மே மாதம் ஜெர்மன் படைகள் பாய்ந்து வர, எல்லாரும் கடலை நோக்கி ஓடினார்கள். மே 24 அன்று கடலோர நகரான டன்கிர்க்கை நெருங்கும்போது கே 6 படையின் ஜமேதார் மௌலா தாத் கானின் அணிமீது தரையிலிருந்து பீரங்கிக் குண்டுகள், வானிலிருந்து விமானக் குண்டுகள். மிரண்ட கழுதையைப் பிடித்து நிறுத்துவது அமைதிக் காலத்திலேயே லேசுப்பட்ட காரியமில்லை. அவர் ஆட்களையும் பிராணிகளையும் ஒழுங்குபடுத்தி, சாலையை விட்டு இறக்கி, மறைவுக்குக் கொண்டுபோனார். அதற்காக இந்தியச் சிறப்புச் சேவைப் பதக்கம் கிடைத்தது. அவர் பதக்கம் பெற்றது யாரையும் கொன்றதற்காக அல்ல. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

டன்கிர்க்கிலிருந்து 3,38,000-க்கும் மேற்பட்டோர் இங்கிலாந்துக்கு மீட்கப்பட்டார்கள். அவர்களில் சில நூறு பேர் இந்தியர்கள். கழுதைகளுக்குக் கப்பலில் இடமில்லை. பம்பாயிலிருந்து கூடவே வந்த பிராணிகளை விட்டுவிட்டு ஏறினார்கள். இரவு பகலாகத் தண்ணீர் காட்டி, லாடம் பார்த்து, உடம்பு தேய்த்துவிட்டவர்கள் அவர்கள்.

22-ஆவது கம்பெனிக்கு அந்தக் கடற்கரையும் வாய்க்கவில்லை. கிழக்கு பிரான்ஸில் இருந்த அது ஜூனில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டது.

தப்பியவர்கள் உடனே ஊர் திரும்பவில்லை. வேல்ஸ், ஸ்காட்லாந்து மலைகளில் வேறு கழுதைகளோடு பயிற்சி தொடர்ந்தது. ஈத் நாளில் லண்டனுக்கு அருகே வோக்கிங் நகரின் ஷாஜகான் பள்ளிவாசலில் தலைப்பாகைகளோடு அவர்கள் தொழுத படங்கள் இன்றும் இருக்கின்றன. இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது 1944 பிறந்துவிட்டது.

2017-ல் கிறிஸ்டோபர் நோலனின் 'டன்கிர்க்' படம் வந்தபோது, இந்தியர்களை அதில் ஏன் காணோம் என்று பலர் கேட்டார்கள். திரையில் இல்லாவிட்டாலும், ஸ்காட்லாந்தின் கிங்யூசி ஊர்க் கல்லறையில் கே 6 படையினர் ஒன்பது பேர் கிடக்கிறார்கள். அந்தக் குளிர்மலைகளில் கழுதை நடத்தப் போனவர்கள்.